இடைவேளையை எங்கே விடுவது

அந்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கடலூர் தியேட்டரில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் கவுண்டரில் செல்வி. கேட்டில் அந்தோணி. ஆபீஸ் அறையில் முதலாளி, கையில் பேப்பர். மூன்றாவது வரிசையில் பாபு. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், வெள்ளிக்கிழமை மட்டும் யூடியூபில் விமர்சகர். மேலே புரொஜெக்டர் அறையில் நான். மேனேஜரும் நான்தான், ஆப்பரேட்டரும் நான்தான். இவர்கள் போக, நானூறு நாற்காலிக்கு நாற்பத்து மூன்று பேர்.

படம் ஒரு சூப்பர் ஹீரோ படம். ஆங்கிலத்தில் எடுத்து, தமிழில் பேசவிட்டது. கதாநாயகன் தொட்ட பொருளுக்கு எடை போய்விடும். லாரியைத் தொட்டால் பலூன் மாதிரி மேலே போகும். முதல் காட்சியிலேயே ஜனம் அவனுக்கு ‘பஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டது. கம்பெனி வைத்த பெயரைக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மெஷின் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு இடைவேளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் என் வேலை போக இருந்தது.

முதலாளிக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. அவர் கேட்டது பேய்ப்படம். நான்தான் பிடிவாதமாக இதைப் போட வைத்தேன். அவருக்கு இரண்டு தியேட்டர். ஒன்று கடலூரில், இன்னொன்று சிதம்பரத்தில். இரண்டிலும் இதே படம். வியாழக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“இவ்ளோ சொல்றியேன்னு போடறேன். திங்கக்கிழமை மேட்னிக்கு நானே வந்து எண்ணுவேன். கடலூர்ல இருநூறு தலை இருக்கணும். இல்லன்னா படத்தத் தூக்கிடு. நீயும் செவ்வாய்க்கிழமையிலேருந்து வர வேணாம்.”

“சரிங்க” என்றேன்.

தலை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. டிக்கெட் கணக்கை அவர் நம்ப மாட்டார். ரசிகர்கள் ஐம்பது டிக்கெட்டை மொத்தமாகப் போட்டுவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் அவரே டிக்கெட் எடுத்துக் கிழித்துப் போட்டு ஹவுஸ்புல் போர்டு மாட்டினார். அதிலிருந்து முதலாளி தலைதான் எண்ணுவார். அதுவும் இடைவேளை விட்டு விளக்கு எரிந்ததும், ஜனம் எழுந்திருப்பதற்குள் எண்ணுவார். வேகமாக எண்ணுவார்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அந்த வயதில் வேறு தியேட்டரில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் படங்களில் இடைவேளையை டைரக்டரே வைத்து அனுப்புவார். வெளிநாட்டில் எடுக்கிற படத்தில் இடைவேளை கிடையாது. முழுசாகப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். இங்கே அது நடக்காது. இடைவேளை இல்லையென்றால் நம் ஆள் படம் பார்த்த மாதிரியே நினைக்க மாட்டான். அதனால் எந்த நிமிஷத்தில் நிறுத்துவது என்பது மேலே இருப்பவன் முடிவு. நான் இருபது வருஷமாக ஒரே வழியில் செய்தேன். மொத்த நேரத்தைப் பாதியாக்குவேன். அங்கே நிறுத்துவேன். படத்தைப் பார்க்கக்கூட மாட்டேன்.

இந்தப் படம் நூற்று அறுபது நிமிஷம். எண்பதில் நிறுத்தினேன்.

எண்பதாவது நிமிஷத்தில் பஞ்சு கடற்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். சக்தி போய்விட்டது, தம்பி செத்துப்போனான். அழுகிறவனை அப்படியே நிறுத்தி விளக்கைப் போட்டேன். ஜனம் வெளியே வந்தது. டீ குடித்தது. உள்ளே போனது. அவன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். இன்னும் இருபது நிமிஷம் அழுதான்.

கிள்ளையிலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர் பாதியில் எழுந்து வெளியே வந்தார். அந்தோணி “என்னண்ணே, கெளம்பிட்டீங்க” என்று கேட்டார்.

“கடலப் பாத்து ஒக்காந்து அழுவுறான்யா. அழுவுற நேரத்துக்கு நாலு வலையப் பிரிச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் விட்டதும் பாபு சைக்கிள் ஸ்டாண்டில் நின்று செல்போனைக் குச்சியில் மாட்டிப் பேசினார். “மக்களே, மொத பாதி போவுது. ரெண்டாம் பாதி படுத்துடுச்சு. போறவுங்க தலகாணி எடுத்துட்டுப் போங்க. பஞ்சு அதுக்குத்தான் ஒதவும்.”

சாயங்காலத்துக்குள் கடலூர் முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

முதலாளி பேப்பரை என் முன்னால் போட்டார். அதில் சென்னையிலிருந்து எழுதுகிறவர் நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அந்தக் கடற்கரைக் காட்சிதான் படத்தின் உயிர் என்று எழுதியிருந்தார்.

“ஒருத்தன் உயிருங்கறான். ஒருத்தன் தலகாணிங்கறான். ஒரே சீனுதானய்யா?”

“ஒரே சீன்தாங்க.”

“அப்ப எவன் பொய் சொல்றான்?”

எனக்குத் தெரியவில்லை. பேப்பரை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

அன்று சாயங்காலக் காட்சிக்கு ஐம்பது பேர். முதலாளி வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, “சிதம்பரத்துல முக்காவாசி ரொம்பியிருக்காம். அங்க என்ன, வேற படமா ஓடுது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை காலைக் காட்சியை அந்தோணியிடம் விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். பட்டன் அமுக்க அவருக்குத் தெரியும்.

சிதம்பரத்தில் ஆப்பரேட்டர் குமார். எனக்குத் தூரத்து உறவு, மாமா என்று கூப்பிடுவான். நான் அவனிடம் போகவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜனத்தோடு உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எப்போது அப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

அறுபத்திரண்டாவது நிமிஷம். பஞ்சு ஒரு பாலத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறான். மேலே ஸ்கூல் பஸ். திடீரென்று அவன் கையில் பாலத்துக்கு எடை திரும்பி வருகிறது. முகம் மாறுகிறது. பாலம் விழுகிறது, அவனும் விழுகிறான், தண்ணீர் மூடுகிறது.

விளக்கு எரிந்தது. இடைவேளை.

நானே நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் தன் மச்சானைப் பிடித்து உலுக்கினான். “பஸ்ஸு என்னா ஆச்சுடா? பஸ்ஸு?”

“எனக்கு எப்டிறா தெரியும், நானும் ஒங்கூடத்தான ஒக்காந்திருக்கேன்.”

வெளியே வந்தேன். கேன்டீன் முன்னால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம். எல்லாரும் பேசிக்கொண்டே பஃப்ஸ் தின்றார்கள். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வந்தவர், மகனுக்குப் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் இதே படத்தை அங்கே வியாழக்கிழமையே பார்த்துவிட்டாராம்.

“அங்க ஒரே மூச்சா ஓட்டிட்டான் பாய். ஒண்ணுக்குக்கூட போவ முடியல. படமும் சும்மா போச்சு. இங்க பாக்கறப்ப ஜாஸ்தி நல்லாருக்கு. அதே படந்தான், என்னா மாயமோ” என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

மேலே போனேன். குமார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“ஏன்டா அறுவத்திரெண்டுல நிறுத்துற?”

“மாமா, திட்டாதீங்க. நேத்து மேட்னியில அந்த எடத்துல கரண்டு போயிடுச்சு. ஜெனரேட்டர் எடுக்கல. மெஷினு மறுபடி வர பத்து நிமிஷம் ஆவும். விசில் அடிக்கறதுக்குள்ள எடைவேளைன்னு சொல்லிட்டேன்.”

“சரி, அது நேத்து. இன்னைக்குக் கரண்டு இருக்குதே.”

“கேன்டீன் அக்கா நிறுத்தச் சொல்லிட்டாங்க மாமா.”

கேன்டீன் அக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்தைந்து வருஷமாக டீயும் பஃப்ஸும் விற்கிறவர். ஒரு படத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் போய் நின்றேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார்.

“நேத்துக் காலக் காட்சி மாதிரி எண்பது நிமிஷத்துல வுட்டா ஜனம் மூக்கச் சிந்திகிட்டு வரும். நேரா பாத்ரூம் போவும், மூஞ்சியக் கழுவும், உள்ள போயிடும். இதுல வுட்டா வாயப் பொளந்துகிட்டு வருது. தொறந்த வாய்க்கு எதனா போடணும்ல?”

“ரெண்டாவது பாதி நீளமாயிடுமேக்கா. வந்து ஒக்காந்ததுமே அழுவுறான்.”

“அழுவட்டும். பஸ்ஸு என்னா ஆச்சுன்னு தெரியாம எவனும் எழுந்து போவ மாட்டான்.”

நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதி, அந்த இரண்டு நிமிஷத்தில் கற்றது. என் ஐம்பத்தாறு வயதில்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முதலாளியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. சென்னைக்காரர் பத்திரிகைக்காரர்களுக்குப் போடுகிற தனிக் காட்சியில் இடைவேளையே இல்லாமல் பார்த்தார். அவருக்கு அழுகை பிடித்தது. பாபு என் இடைவேளையோடு பார்த்தார். அழுகையை நான் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். அவர் தூங்கினார். பாபு திட்டியது படத்தை என்று ஊரே நினைத்தது. அவர் திட்டியது என்னை. அது அவருக்கே தெரியாது.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு விமர்சனத்தைப் படித்தால், அவர் எந்த நாற்காலியில், எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தார் என்று யோசியுங்கள். ஸ்பீக்கர் கரகரத்திருக்கலாம். ஏசி வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். அவர் எழுதுகிற வரியில் நம் தப்பும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கடலூரிலும் அறுபத்திரண்டில் நிறுத்தினேன். வெளியே வந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டுதான் வந்தார்கள். ஆனால் எண்பது பேர்தான். மற்றவர்களுக்குத் தலகாணி ஞாபகம்.

அந்தோணி சொன்னார்: “அந்த பாபு இனிமே வந்தா கேட்டுலயே நிறுத்திடறேன். எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு வருவான்?”

செல்வி வேறு மாதிரி யோசித்தாள். “ரெண்டு டிக்கெட்டும் ஒரு கூல்ட்ரிங்ஸும் குடுத்து மாத்திப் பேசச் சொல்லுங்கண்ணே. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

இரண்டும் வேண்டாம் என்றேன். கேட்டில் நிறுத்தினால் அதையே ஒரு வீடியோவாகப் போடுவார். கூல்ட்ரிங்ஸ் கொடுத்தால் அடுத்த படத்துக்கும் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் அவர் கடைக்குப் போனேன். ஒரு செல்போனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, சண்டைக்கு வந்தீங்களா?”

“இல்ல தம்பி. சாயங்காலம் இன்னொரு தடவ வந்து பாருங்க.”

“ப்ரீயா?”

“டிக்கெட்டு நீங்கதான் எடுக்கணும்.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “பத்து வருஷமா ரிவ்யூ பண்றேன். தியேட்டர்காரன் எவனும் என்கிட்ட இப்டிக் கேட்டதில்ல” என்றார். அவமானப்பட்டாரா, சந்தோஷப்பட்டாரா, தெரியவில்லை. ஆனால் வந்தார். டிக்கெட்டும் எடுத்தார்.

படம் விட்டது. அதே சைக்கிள் ஸ்டாண்டு, அதே குச்சி. நான் மாடி ஜன்னலில் நின்று கேட்டேன்.

“மக்களே, ஒரு முக்கியமான விஷயம். என் ரிவ்யூவப் பாத்துட்டு கம்பெனிக்காரன் பயந்து படத்த வெட்டிட்டான். இருவது நிமிஷம் காலி. அந்த அழுவாச்சி சீன அப்டியே கொறச்சுட்டான். இப்ப படம் சும்மா பறக்குது. இன்டர்வெல் பிளாக் வெச்சிருக்கான் பாருங்க, அந்த டைரக்டர் கைய எடுத்துக் கும்புடணும்.”

நான் ஒரு நொடிகூட வெட்டவில்லை. வெட்டவும் முடியாது, அது கம்பெனி பூட்டுப் போட்டு அனுப்புகிற படம். அழுகை முழுசாக அங்கேயே இருந்தது.

கீழே இறங்கிப் போனேன். “தம்பி, எதையும் வெட்டல. எடைவேளைய மட்டும் முன்னாடி வுட்டேன்.”

பாபு என் தோளில் கை போட்டார். “அண்ணே. கம்பெனி வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கும். எனக்குப் புரியுது. நான் படம் பாக்கறவன்ணே, என்கிட்டயேவா?”

அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கவுண்டரில் வரிசை. முதல் ஆளே கேட்டான். “வெட்டுன படமா, வெட்டாததா?”

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரே கேள்வி. ஒரு வார்த்தை ஆமாம் என்றால் போதும். என் வேலை அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

நான் கவுண்டருக்குப் போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “ஒரு நிமிஷமும் வெட்டலைங்க. நூத்தி அறுவது நிமிஷம். வேணும்னா கடியாரம் பாத்துக்கங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. “பெரியவரு எப்டி மூஞ்ச வெச்சிருக்காரு பாரு” என்றான் ஒருவன். இன்னொருவன் எனக்குக் கண்ணடித்தான். யாரும் வரிசையை விட்டு நகரவில்லை.

உண்மையைச் சொல்வதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டரைக்குப் படம் போட்டேன். மூன்று முப்பத்திரண்டுக்குப் பாலம் விழுந்தது. இடைவேளை. பதினைந்து நிமிஷம். ஜனம் உள்ளே போய் உட்கார்ந்தது, பஞ்சு அழ ஆரம்பித்தான்.

மூன்று ஐம்பதுக்கு முதலாளி மாடி ஏறி வந்தார். எண்பது நிமிஷக் கணக்கு அவருக்குப் பழக்கம். இடைவேளைக்குச் சரியாக வந்துவிட்டதாக நினைத்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரே இருட்டு.

“லைட்டப் போடு. எண்ணணும்.”

“எடைவேளை முடிஞ்சிடுச்சுங்க.”

“யாரக் கேட்டு முன்னாடி வுட்ட? சரி, நிறுத்திட்டு லைட்டப் போடு. ரெண்டு நிமிஷம்.”

அந்த அறையில் இருபது வருஷத்தில் அவருக்கு நான் முடியாது என்று சொன்னதில்லை.

“போட மாட்டேங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.

“இது என் தியேட்டர்யா.”

“ஆமாங்க. இப்ப நிறுத்துனா பாதிப் பேரு வண்டிய எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் எண்ணுறதுக்கு நீங்களும் நானும்தான் இருப்போம். உள்ள ஒக்காந்து பாருங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு கதவத் தொறக்கறேன். வாசல்ல எண்ணலாம்.”

அவர் கீழே இறங்கிப் போனார். வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது. திரை வெளிச்சம் அதில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் தம் தியேட்டரில் படம் பார்த்து நான் கண்டதில்லை.

பஞ்சு அழுதான். வழுக்கைத் தலை அசையவில்லை. ஸ்கூல் பஸ் என்ன ஆனது என்று தெரிந்தபோது கீழே நூறு விசில். அப்போதும் அசையவில்லை. கடைசியில் பஞ்சு செத்துப்போன தம்பியின் சட்டையைத் தொட, அது எடை இல்லாமல் மெல்ல மேலே போகிறது. அங்கே யாரும் விசில் அடிக்கவில்லை. வழுக்கைத் தலை மட்டும் கீழே குனிந்தது.

எழுத்து ஓட ஆரம்பித்தது. நான் விளக்கைப் போடவில்லை. இந்தப் படங்களில் எழுத்துக்குப் பிறகும் ஒரு துண்டுக் காட்சி வரும். ஜனத்துக்கு அது தெரியும், நாற்காலியை விட்டு எழாது. நீங்களும் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தது. கீழே ஓடினேன். ஒரு கதவு மட்டும். அந்தோணி சுவரில் சாக்பீஸால் கோடு போட, நான் வாய்க்குள் எண்ணினேன். அவர் நம்பரும் என் நம்பரும் ஒன்றாக வர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

நூற்று இருபது வரை கூட்டமாக வந்தார்கள். நூற்று ஐம்பதில் கொஞ்சம் தளர்ந்தது. நூற்று எண்பதுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு வந்தார்.

“கொழந்தைய சேத்துக்கலாமா?” என்று அந்தோணி மெதுவாகக் கேட்டார்.

“டிக்கெட்டு இல்லாத கொழந்த. வேணாம்.”

“செல்வி பத்து நிமிஷம் உள்ள நின்னு பாத்தா. அவள?”

“நம்ம ஆளு. வேணாம்.”

பாத்ரூமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கோடு போட்டார். அப்புறம் யாரும் இல்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். நாற்காலிகள் காலி. ஓரத்தில் முதலாளி மட்டும் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்து வந்தார். வாசலுக்கு உள்பக்கமே நின்றார்.

“எவ்ளோ?”

அந்தோணி சுவரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு நம்பரும் ஒன்றுதான்.

“நூத்தித் தொண்ணூத்தொம்போதுங்க” என்றேன்.

முதலாளி தலையாட்டினார். கண்ணாடியை மாட்டினார். சட்டைப் பையில் கை விட்டு ஒரு டிக்கெட்டை எடுத்து அந்தோணியிடம் நீட்டினார். செல்வியிடம் வாங்கியது. இன்னும் கிழிக்காதது.

“உள்ள வரும்போது நீ கேட்டுல இல்ல. இப்பக் கிழி.”

அந்தோணி வாங்கினார். கிழித்தார். முதலாளி வாசல்படியைத் தாண்டி வெளியே வந்து நின்றார்.

“இப்ப எவ்ளோ?”

இருநூறு.